பழைய கல்லூரி மலர்களில் வரும் ‘பிரசங்கம்’ மதப் பிரசங்கமா?

பெரும்பாலும் இல்லை, மேடைப் பேச்சுதான். நீங்கள் ஆய்வுக்காகப் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1930, 40களில் மாணவர் சங்கச் செய்தி என்றாலே ஒரே வாய்பாடு: இன்னார் அக்கிராசனம் வகித்தார் (தலைமை தாங்கினார்), இன்னார் பிரசங்கித்தார், காரியதரிசி (செயலாளர்) வந்தனோபசாரம் (நன்றி) சொன்னார். கம்பனைப் பற்றிப் பேசினாலும் மலேரியாவைப் பற்றிப் பேசினாலும் பிரசங்கம்தான். 1907இல் சென்னைக் கடற்கரையில் வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சுதேசியம் பேசியதும் பிரசங்கமே. சரி, சமயத்தை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு மதத்தின் சொல் அல்ல. 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கியது சைவப் பிரசங்கம். வீட்டில் வாயாடும் பிள்ளையை ‘அதிகப்பிரசங்கி’ என்று திட்டுகிறோமே, அதில் எந்த மதம் இருக்கிறது?

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் அப்பா 1944இல் இண்டர்மீடியட் படித்தார். அந்த ஆண்டு மலரில் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில் வரும், ‘ஐக்கிய இயக்கம்’ பற்றிப் பிரசங்கித்தார் என்று. அந்த வரிக்கு அடியில் அவரே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன் கல்லூரி விழா மலருக்காகப் பழைய செய்திகளைத் தொகுத்தார்கள். வந்து பார்த்தால் அப்பாவின் பேச்சு ‘சமய நிகழ்வுகள்’ என்ற தலைப்பின் கீழே இருக்கிறது! பிரசங்கம் என்றதும் தொகுத்தவர்களுக்குச் சர்ச் நினைவு, ஐக்கியம் என்ற சொல்லும் சர்ச்சில் புழங்குவதால் இன்னும் உறுதி. அன்றைக்குக் கூட்டுறவுக்குத்தான் ஐக்கியம் என்று பெயர். ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று பழைய போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். அப்பா பேசியது 1904இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையைப் பற்றி. ரேஷன் அரிசிக்கு அம்மாவோடு வரிசையில் நின்ற பையன், கடையை நாமே நடத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறான். சாகும்வரை எங்களிடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தனித்தமிழ் அன்பர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் சொற்பொழிவு, தலைவர், செயலாளர் என்றுதான் எழுதுகிறேன். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்தால்தான் இந்தச் சொற்களெல்லாம் நம் வாயில் இயல்பாக வருகின்றன, அதில் எனக்குப் பெருமையே. பழைய பக்கத்தைப் படிக்கிறவர் அந்தக் காலத்து அர்த்தத்தில் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் வாதம். கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் குறைத்துச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தவறைத் திருத்தச் சொல்லி நேரில் போனேன். மூல மலரைக் காட்டுங்கள், நானே விளக்குகிறேன் என்றேன். நூலகத்தில் இல்லை. கம்ப்யூட்டர் அறைக்கு இடம் வேண்டும் என்று பைண்டு செய்த மலர்களையெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். ஒரு அலமாரி போட இடமா இல்லை? முன்னாள் மாணவர்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் ஆளுக்கு இரண்டு கட்டு சுமந்துகொண்டு போயிருப்போமே. கேட்ட நீங்கள் வேறு எதற்கோ கேட்டீர்கள், மன்னிக்கவும், இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அப்பாவின் பிரதி என்னிடம் இருக்கிறது. பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிட்டது, பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.