‘இலவசம்’ என்ற ஒரு சொல்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளம் இலவசமாகவே கிடைக்கும்போது அரசு அலுவலகங்கள் விண்டோஸுக்குப் பணம் கட்டுவது ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள ‘இலவசம்’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழிலோ, லினக்ஸைப் போல யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற ஐயத்துக்கு இடமில்லாத பெயர் எப்போதோ வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு நாமும் இலவசம் என்றே எழுதுவதால், உரிமக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதே இல்லை.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியைப் பாருங்கள். தான் பயன்படுத்திவந்த விண்டோஸ் என்டி 4க்கு ஆதரவு நிற்கப்போகிறது என்றதும் அது மாற்று தேடியது. மைக்ரோசாஃப்ட் விலையைக் குறைத்தது. அதன் தலைவர் ஸ்டீவ் பால்மரே மேயர் கிறிஸ்டியான் ஊடேவைச் சந்திக்க நேரில் வந்தார். அப்படியும் 2003இல் மாமன்றம் லினக்ஸையே தேர்ந்தெடுத்தது, ஏனெனில் நகர நிர்வாகம் எப்போது எதற்கு மாற வேண்டும் என்பதை ஒரு நிறுவனம் முடிவுசெய்வதை அவர்கள் விரும்பவில்லை. 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. பிறகு மேயர் மாறினார். 2017இல் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று மாமன்றம் வாக்களித்தது. துறைதோறும் சிதறிக் கிடந்த கணினி நிர்வாகமே பல தொல்லைகளுக்குக் காரணம் என்று மாநகராட்சியே கேட்டுப் பெற்ற ஆய்வறிக்கை சொல்லியிருந்தும், பழி லினக்ஸின் மேல் விழுந்தது.

கேரளத்தில் அப்படி நேரவில்லை. 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, பாடநூலையும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளில் அமைத்தது. பாடமும் தேர்வும் அதிலேயே வேர்விட்ட பிறகு, ஆட்சி மாறினாலும் அதைப் பிடுங்கிவிட முடியவில்லை. தமிழ்நாட்டின் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. ஆனால் அதைத் திறந்தே ஆக வேண்டிய பாடம் எதுவும் மாணவரிடம் தரப்படவில்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: கட்டணம் வெளியே தெரியும் கட்டு, அலுவலகங்களை உண்மையில் பிணைத்திருப்பவை, குறிப்பிட்ட மென்பொருளோ எழுத்துருவோ இருந்தால்தான் ஒழுங்காகத் திறக்கும் வகையில் அங்கே குவிந்துள்ள கோப்புகள். இதே பக்கத்தில் எழுத்துருக்களைப் பற்றி நான் ஓயாமல் எழுதுவதும் இதனால்தான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சான ஓர் அரசுக் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்றும் பொருளற்ற குறிகளாகவே விரிகிறது. மக்களின் பணத்தில் எழுதப்பட்ட ஆவணத்தை மக்களே படிக்க முடியாத இந்த நிலையைவிடப் பெரிய செலவு எனக்குத் தெரியவில்லை.

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, ஒப்பந்தப்புள்ளி தருபவர், லினக்ஸைப் போல மூல நிரல் திறந்திருக்கும் திறமூல மென்பொருளைத் தவிர்த்தால் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும். உங்கள் ஊரிலுள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றிடம் அந்தக் காரணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வரும் பதிலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.