கஷ்டம் தீர்ந்த பிறகு பிரஷர் ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. அப்பா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். எட்டுப் பேர் ஒரே அறையில் வளர்ந்தோம். இப்போது டோம்பிவிலியில் சொந்த ஃபிளாட், குடோன் சூப்பர்வைசர் வேலை. பீடி, குடி கிடையாது, ஆளும் ஒல்லி. பிரஷர் 150/95. பிறந்தபோது எடை எவ்வளவு என்று டாக்டர் கேட்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மாத்திரையை விட்டுவிட்டேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: சம்பந்தம் இருக்கிறது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் வருவதை 1989-ல் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் குழுவினர் காட்டினார்கள். கர்ப்பத்தில் சத்து போதாவிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளே எண்ணிக்கையில் குறைந்துபோகும். நடுவயதில் பிரஷர் ஏற அது வழிவிடும். புனேயில் டாக்டர் யாக்னிக் ஆராய்ந்த குழந்தைகள் பிறந்தபோது சராசரியாக 2.7 கிலோதான். ஆனால் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. அதனால் "ஆள் ஒல்லி" என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துப் பாருங்கள், 90 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா?

சிறுவயதோடு முடிவதுமில்லை. 1967-ல் தொடங்கி லண்டன் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். ஆனாலும் பதவி இறங்க இறங்க இதய நோய்ச் சாவு ஏறியது. புகை, பிரஷர், கொழுப்பை எல்லாம் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. வேலையை எப்படிச் செய்வது என்பது நம் கையில் இல்லாத நிலை உடம்பைப் பாதிக்கிறது. மேலதிகாரிக்கும் லோடிங் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இரவு ஷிஃப்ட் பார்த்து, நெரிசல் லோக்கலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் உங்களுக்கு இது புரியும். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

மாத்திரையை நிறுத்தியது மட்டும் தப்பு. பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது. நம் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வருகிறது, மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. இந்த வாரமே அதே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), ஈசிஜி பார்க்கச் சொல்லுங்கள். செலவு இடித்தால் ஜன் ஔஷதி கடையில் அதே மருந்து மலிவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஸ்டேஷன் வடாபாவ் குறையட்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், ஐந்து கிராம்தான். நெஞ்சு இறுக்கி இடது கையோ தாடையோ வலித்தால் கேஸ் என்று சோடா குடித்து உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. தம்பி தங்கைகளும் அதே அறையில் வளர்ந்தவர்கள்தானே, அவர்களையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.