மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் கார்பனைக் குறைக்கும் போக்குவரத்து நடக்குமா? மின்கார் வாங்க வசதியில்லையே?

நடக்கும். ஆனால் மின்காரில் தொடங்க வேண்டியதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இங்கிருந்து ஈப்போ நகருக்குத் தனியாகக் காரில் வேலைக்குப் போய் வந்தால் தினமும் ஏறக்குறைய 4 லிட்டர், அதாவது 9 கிலோவுக்கு மேல். அதே நேரம் ஈப்போவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை மின்மயமான இரட்டைத் தண்டவாளம் 2015 முதல் முழுமையாக இயங்குகிறது. அது நம் பட்டணத்தின் வழியாகத்தான் போகிறது!

சிக்கல் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வருவதில்தான். காலையில் தோட்டச் சாலை முச்சந்தியில் பாருங்கள்: ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் புத்தகப் பையோடு இன்னொன்று. பஸ் வருமென்ற நம்பிக்கை இல்லாததால்தான் இந்த ஆபத்தான பயணம். ரயில் நேரம், பள்ளி நேரம், சந்தை நாள் பார்த்து ஓடும் சிறிய வேன்களே இங்கு முதல் தேவை. பயணிகள் எண்ணிக்கையை நம்பி எந்த முதலாளியும் இதை ஓட்டமாட்டார். ஓடிய கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுக்கும் ஒப்பந்தம் வேண்டும்.

மின்சார மோட்டார் சைக்கிளை வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் செய்யலாம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி, எரிவாயுவிலிருந்து வருகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் மின்சார மோட்டார் சைக்கிள் குறைந்த சக்தியில் ஓடுவதால் லாபமே. ஆனால் முதலில் வேனைக் கேளுங்கள். தோட்டத்து மக்கள் சேர்ந்து, வேண்டிய நேரங்களை எழுதி, சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள்.