திரும்ப அழைப்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், லோங்காங் (சாக்கடை) நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜெயித்துப் போனவர்தான், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரிட்டனில் பத்து விழுக்காட்டு வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் உறுப்பினரின் பதவி போய்விடுமாம், திரும்ப அழைப்பது என்கிறார்கள். இங்கே மலேசியாவில் அப்படி வந்தால் வருஷம் முழுக்க இடைத்தேர்தல்தான் என்கிறார் என் அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., பிறை

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. வீட்டுக்குள் சேற்றுத் தண்ணீர் வந்தவரிடம் ஐந்து வருஷம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணன் சொல்வதை விடுங்கள், செலவுக்குப் பயந்து உரிமையை மறுப்பது வீண் பேச்சு.

ஆனால் பிரிட்டன் கதையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள். 2015ல் வந்த அந்தச் சட்டத்தில், தொகுதிக்கு வரவில்லை என்பதற்காகக் கையெழுத்து வாங்க முடியாது. உறுப்பினர் சிறைத் தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது அவையே அவரைக் குறைந்தது பத்து அமர்வு நாட்களுக்கு இடைநீக்கம் செய்திருக்க வேண்டும், அல்லது செலவுப் படிக் கணக்கில் பொய் சொல்லித் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். 2019ல் பீட்டர்பரோ உறுப்பினர் பதவி இழந்தது சிறைக்குப் போன பிறகுதான். லோங்காங்குக்காக அங்கேயும் யாரையும் இறக்க முடியாது.

இங்கே, 2020ல் உறுப்பினர்கள் அணி மாறி ஆட்சியைக் கவிழ்த்த ஷெராட்டன் துரோகத்துக்குப் பிறகு 2022ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. எல்லாரும் கை தட்டினோம். அது யார் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது என்று பாருங்கள். உறுப்பினர் தாவினால் பதவி போகும். கட்சியே அவரை நீக்கினால் போகாது. கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் போகாது. பிரதமரை ஆதரித்த எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு உறுப்பினர்களின் இடங்கள் காலியாகவில்லை என்று 2024ல் முடிவு செய்தவர் சபாநாயகர். ஓட்டுப் போட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, எனக்கு வலிப்பது வேறு. தாமான் லோங்காங் அடைத்ததற்கு நாடாளுமன்ற உறுப்பினரை ஏன் தேடுகிறீர்கள்? அது மாநகர் மன்றத்தின் வேலை. அங்கே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலரை நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. மாநில அரசு நியமித்தது. அவரை எப்படித் திரும்ப அழைப்பீர்கள்?

என் அப்பா காலத்தில் இப்படி இல்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குப்பை தேங்கினால், அப்பா பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்கே நடப்பார். அவரும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்து பேசுவார். அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே! 1957ல் பினாங்கின் ஜோர்ஜ்டவுன் மாநகரானது, அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் நம்மவர், டி.எஸ். இராமநாதன். இன்று அவர் பெயரில் சாலை இருக்கிறது, ஊராட்சி மன்றத் தேர்தலைத்தான் காணோம். 1965ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ல் சட்டம் போட்டு ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பினாங்கு அரசு 2012ல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் நாம் என்ன செய்தோம்? மேடை ஏறி வந்தவர்களிடம் கோயிலுக்கு மானியம் கேட்டோம், அரிசி மூட்டை கேட்டோம். எங்கள் கவுன்சிலரை நாங்களே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று கேட்டோமா? நீங்கள் கேட்டீர்களா தம்பி?

உங்கள் பகுதிக் கவுன்சிலர் யார் என்று முதலில் விசாரியுங்கள். தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்து, தேதி போட்டு அவருக்கு எழுதுங்கள். நியமித்தது மாநில அரசு என்பதால் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், ஊராட்சி மன்றத் தேர்தலைக் கொண்டுவருவாரா மாட்டாரா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். அவர் சொன்ன பதிலை எனக்கும் எழுதுங்கள்.