கேள்வி - பதில்: ஸ்விப்ட் ஸ்போர்ட்டை எங்கே ஓட்டிப் பார்ப்பது?

கேள்வி: அண்ணா, 2013ஆம் ஆண்டு சுசூக்கி ஸ்விப்ட் ஸ்போர்ட் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 1.6 எஞ்சின், மெனுவல். ஆள் கண்டியில் இருக்கிறார். "வாங்க, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க" என்கிறார். பத்து நிமிஷத்தில் எதைப் பார்ப்பது? எங்கள் வீடு தோட்டத்துப் பக்கம். (ஒரு வாசகர், ஹட்டன்)

பதில்: தம்பி, பத்து நிமிஷத்தில் பாட்டு நல்லாக் கேட்குதா, ஏசி குளிருதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் ஹட்டனுக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். உங்களுடையதற்கு முந்தைய மாடல், ஐந்து கியர் ஸ்போர்ட் ஒன்றை கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினேன். சும்மா பறந்தது. அன்று மாலையே நுவரெலியாவுக்குக் கிளம்பினால், புசல்லாவை தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தும்போது ஆர்பிஎம் முள் நாலாயிரத்துக்கு ஏறுகிறது, கார் ஏறவில்லை, உள்ளே கருகிய வாடை. கிளட்ச் தேய்ந்து முடிந்திருந்தது. பின்னால் வந்த கொழுந்து லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது, மேலே சாக்கு மூட்டையில் உட்கார்ந்திருந்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

அதனால் காலையிலேயே போய்விடுங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் பொனட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஆள் ஏதோ மறைக்கிறார், அல்லது பால் வாங்கப் போய் வந்திருக்கிறார், எதுவானாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். குளிர்ந்த எஞ்சின் எழும்பும்போது கேட்கும் சத்தம்தான் சத்தம்.

அப்புறம் கொழும்பு ரோட்டில் கடுகண்ணாவைக்கு விடுங்கள். மாவனெல்லைப் பக்கம் இறங்கித் திரும்பி ஏறினால் உங்களுக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு ரோட்டிலேயே கிடைக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சின் பிடித்துக்கொள்ள கொஞ்ச தூரம் அப்படியே போங்கள். அடிவாரத்தில் ஒரு மிதி மிதித்து உடனே கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. காலை எடுத்த நிலையில் இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சல் அதிகம், தேய்ந்த வால்வு சீல் வழியாக ஒயில் உள்ளே இறங்கி நிற்கும், மிதித்தவுடன் அது எரிந்து வெளியே வருகிறது. சமதரையில் இந்தக் குறை பெரும்பாலும் தலைகாட்டாது.

இறக்கத்திலேயே பிரேக்கையும் பாருங்கள். மிதிக்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். போகப் போக பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஒயில் பழசு, அல்லது அதைவிடப் பெரிய செலவு ஏதாவது. திரும்பி ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரைக் குறையுங்கள், கரகர என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த ஒரு நிமிஷம் விற்பவர் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. நாலு டயரும் நாலு கம்பனி என்றால், காரைப் பார்த்துக்கொண்டவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ் இரண்டையும் சாவியை வாங்குவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள், வழியில் பொலிஸ் மறித்தால் ஸ்டியரிங்கில் இருப்பது நீங்கள்தானே.

எல்லாம் சரி என்றாலும் அன்றைக்கே முற்பணம் கொடுக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய் லிஃப்டில் தூக்கிக் கீழேயும் பாருங்கள். தோட்டத்து ரோட்டில் நடுவில் புல் மேடும் கல்லும் இருக்கும், தாழ்வான இந்தக் காரின் அடிவயிறு எங்கே எங்கே தட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: அதே ஸ்போர்ட்டில் சிவிடி (கியர் படி இல்லாமல் தானாக மாறும்) ஓட்டோ வருகிறதாமே, எனக்கு கிளட்ச் பழக்கமில்லை. இறக்கத்துக்கு அது சரிவருமா? (ஒரு வாசகி, நானுஓயா)

பதில்: சரிவரும் தங்கச்சி, ஆனால் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்காதீர்கள். ரதல்லைக் குறுக்கு வழியின் செங்குத்தான இறக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மாடல் சிவிடியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துப் படி மாற்றும் இரண்டு பேடல் இருக்கும், மெனுவல் மோடில் ஏழு படி. ஓட்டிப் பார்க்கும்போது இடது பேடலால் படியைக் குறைத்து, கார் பிரேக் இல்லாமலே இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஏறிய பிறகு வண்டுபோல் ரீங்காரம் கேட்டால் அந்தக் கார் வேண்டாம்.

கேள்வி: கொழும்பில் நண்பனின் 1.6 ஸ்போர்ட்டை ஓட்டினேன், அம்பு மாதிரி போனது. அதே கார் நுவரெலியாவில் சோம்பலாக இருந்தது. கார் கெட்டுவிட்டதா? (ஒரு வாசகர், தலவாக்கலை)

பதில்: கெடவில்லை, மூச்சு வாங்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு வீதம் சக்தியை இழக்கும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கடற்கரையில் 136 குதிரைவலு கொடுத்தது அங்கே 110 பக்கம் வந்து நிற்கும். 2017இல் வந்த அடுத்த மாடலில் 1.4 டர்போ, 140 குதிரைவலு. டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் மலையில் இழப்பு குறைவு. அதற்கு 95 ஒக்டேன் பெற்றோல்தான் ஊற்ற வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி பார்த்திருக்கிறேன். அதே மாதிரி ஒரு முறை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தானே காரின் குணம் தெரியும்? (ஒரு வாசகர், வெலிமடை)

பதில்: போட்டி நாளில் ரோட்டை மூடிவிடுவார்கள் தம்பி. நீங்கள் போகும் நாளில் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வரும். 40இல் வளைவைத் திருப்பினாலே கார் எந்தப் பக்கம் சாய்கிறது, டயர் எப்போது கத்துகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்போர்ட் வாங்கினால் அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து வருவாரா? முதுகு வலி உள்ளவர். (ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: சஸ்பென்ஷன் கொஞ்சம் கடினம்தான். ஓட்டிப் பார்க்கப் போகும்போது அவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஹப்புத்தளை வரை போய் வருவதற்குள் பின்னாலிருந்து "மெதுவாப் போடா" என்று எத்தனை தரம் சத்தம் வருகிறது என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு கார் சொல்கிறேன்.