விகிதமுறு கோவைகள்: எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது?

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகளை, அதாவது மேலும் கீழும் பல்லுறுப்புக்கோவை உள்ள பின்னங்களைச் சுருக்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. மாறிக்கு எல்லா இடத்திலும் க என்றே போட்டிருக்கிறேன்.

சார், (க + 5)/(க + 2) கணக்குல மேலயும் கீழயும் க இருக்கு. அடிச்சா 5/2 வருது. டீச்சர் தப்புன்னு சுழிச்சிட்டாங்க. ஏன்?

க-வுக்கு 4 போட்டுப் பார். 9/6, அதாவது ஒன்றரை. உன் விடையோ இரண்டரை. அடிப்பது என்று நாம் சொல்வது, தொகுதியையும் பகுதியையும் ஒரே கோவையால் வகுப்பது. இங்கே க-ஆல் வகுத்தால் 5-ஐயும் 2-ஐயும் சேர்த்தே வகுக்க வேண்டும். (1 + 5/க)/(1 + 2/க) என்று முன்னைவிட மோசமாக வந்து நிற்கும். கூட்டலில் மாட்டிக்கொண்ட உறுப்பைத் தனியாகப் பிடுங்க முடியாது. முதலில் காரணிப்படுத்து. இரண்டும் பெருக்கலாக உடைந்த பிறகுதான் அடிக்கிற பேச்சே.

எந்த விடையையும் இப்படி ஓர் எண்ணைப் போட்டுச் சோதிக்கலாம். 0, 1 மட்டும் வேண்டாம்: இரண்டையும் வர்க்கப்படுத்தினாலும் அதே எண்தான் வரும், தப்பு ஒளிந்துகொள்ளும்.

(5 − க)/(க − 5) சுருங்குமா?

சுருங்கும், −1. மேலே −1-ஐ வெளியே எடுங்கள், தெரியும்.

(க² − 9)/(க² + 5க + 6) சுருக்கினால் (க − 3)/(க + 2). விலக்கப்பட்ட மதிப்பு (பகுதியை 0 ஆக்கும் எண்) −2 மட்டும்தானே? விடைத்தாளில் −3-உம் இருக்கிறதே?

விலக்கப்பட்ட மதிப்பை மூலக் கோவையில் பார்க்க வேண்டும். பகுதி (க + 2)(க + 3). க = −3 என்றால் மூலக் கோவை 0/0; அதற்கு மதிப்பு கிடையாது. சுருக்கிய வடிவமோ அதே இடத்தில் 6 என்று தைரியமாகச் சொல்கிறது. வரைபடம் போட்டால் (−3, 6) என்ற இடத்தில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். க, −3-ஐ நெருங்கும்போது மதிப்பு 6-ஐ நெருங்கும். பின்னால் நுண்கணிதத்தில் எல்லை (limit) படிக்கும்போது இந்தக் கணக்கேதான் வரும்.

அண்ணா, கழித்தல் வந்தாலே எனக்கு விடை சுருங்க மாட்டேங்குது. க/(க − 3) − (க + 15)/(க² − 9).

பகுதிகளின் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) = (க − 3)(க + 3). தொகுதி க(க + 3) − (க + 15). அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டு − க + 15 என்று எழுதியிருப்பாய். அப்படியானால் க² + 2க + 15, அதற்குக் காரணி கிடைக்காது. சரியாக எழுதினால் க² + 2க − 15 = (க + 5)(க − 3). விடை (க + 5)/(க + 3). பாடப்புத்தகக் கணக்கு பாதியில் முட்டி நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கழித்தல் குறியைத்தான்.

என் மகளுக்குச் சொல்லித்தருகிறேன். (க³ + க² − க + 2)/(க³ + 1): மேலே உள்ளதைக் காரணிப்படுத்தவே வரவில்லை.

அருமையான கணக்கு. காரணி தேடாமலே முடிக்கலாம். இரண்டுக்கும் பொதுக் காரணி இருந்தால், அவற்றின் வித்தியாசத்தையும் அது வகுக்கும். கழித்துப் பாருங்கள்: க² − க + 1. இதால் க³ + 1-ஐ வகுத்தால் மீதியின்றி க + 1 கிடைக்கிறது. ஆக மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) க² − க + 1-தான். மேலே உள்ளதையும் அதால் வகுத்தால் க + 2. விடை (க + 2)/(க + 1).

எண்களுக்குக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ தொகுப்பின் ஏழாம் நூலில் சொன்ன வழி இது. இங்கே ஒரு கழித்தலிலேயே முடிந்தது. மற்ற கணக்குகளில் மீதி 0 ஆகும்வரை, முந்தைய வகுத்தியைப் புது மீதியால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியாக வந்த பூச்சியமல்லாத மீதியே மீ.பொ.வ. பிள்ளைகள் இந்த முறையைத் தனிப் பயிற்சியாகப் படித்துவிட்டு, சுருக்கும்போது மறந்துவிடுகிறார்கள்.

சமன்பாட்டில் பகுதியைப் பெருக்கி நீக்குகிறோம். இங்கேயும் செய்தால் என்ன?

சமன்பாட்டில் இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் பெருக்குகிறோம். கோவைக்கு மறுபக்கம் இல்லை. பெருக்கினால் அதன் மதிப்பே மாறிவிடும். வேண்டுமானால் மேலும் கீழும் ஒன்றாகப் பெருக்கலாம். பின்னத்துக்குள் பின்னம் வரும்போது அதுதான் கைகொடுக்கும்: (1/க − 1/3)/(க − 3)-ஐ மேலும் கீழும் 3க-ஆல் பெருக்கினால் (3 − க)/(3க(க − 3)), அதாவது −1/(3க). க, 0-ஆகவோ 3-ஆகவோ இருக்கக் கூடாது.