உப்பு - தேவையான அளவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பொது மருத்துவர். ஆறு வருடங்களாக வார இறுதிகளில் ஓர் உணவகத்தின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அங்கே ஒரு மேசைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வீட்டிலோ "இதற்கா அவ்வளவு படித்தாய்?" என்கிறார்கள். சக மருத்துவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா? என் கலைக்குத் துரோகம் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. நான் உருவாக்கிய சூப் ஒன்றின் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நரம்பியல் மருத்துவரான மிகேல் சான்செஸ் ரோமேரா, ஸ்பெயினில் உணவகம் நடத்தி, உணவகங்களுக்கான உயரிய அங்கீகாரமான மிஷெலின் நட்சத்திரம் பெற்றார். சலிஹா மஹ்மூத் அஹமத் 2017-ல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் சமையல் போட்டியில் வென்றார், மருத்துவத்தை விடவில்லை. ஆகவே இரண்டும் நடக்கும். அது போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். உங்கள் கடிதத்தில் மேசை இருக்கிறது, கலை இருக்கிறது, துரோகம்கூட இருக்கிறது. நோயாளி எங்கே?

என் அப்பாவுக்கு இதயம் பலவீனமானபோது, பார்த்த மருத்துவர் சீட்டில் "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அவ்வளவுதான் வைத்தியம். அந்த இரண்டு கோடுகளை வைத்துக்கொண்டு அம்மா அடுப்படியில் என்ன செய்வாள்? பாதி உப்புப் போட்டாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார். ஒரு நள்ளிரவில் சமையலறையில் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டேன். உப்பு டப்பாவுக்குள் விரலை விட்டபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எழுபது வயது மனிதர்.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். சமைக்கத் தெரிந்தவர் என்பது அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. "உப்பை எப்போது போடுகிறீர்கள்?" என்று அம்மாவைக் கேட்டார். கொதிக்கும்போது என்றாள். "இனி இறக்கியபின் மேலே தூவுங்கள், நாக்கில் முதலில் படுவது அதுதான். வெங்காயம் நன்றாகப் பழுப்பேறட்டும், அவசரப்படாதீர்கள். கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். அன்றைக்கான உப்பைக் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்." பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை யாரும் ஒப்பிக்கலாம். அந்தக் கிண்ணத்தைச் சொல்ல அடுப்படியில் நின்ற ஆள் வேண்டும்.

அப்பா சாப்பிட ஆரம்பித்தார். அதன்பின் நான்கு வருடம் இருந்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

இரண்டும் வேறு வேறு உலகம் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1679-ல் பிரஷர் குக்கரின் மூதாதையை உருவாக்கிய டெனி பப்பான் மருத்துவம் படித்தவர். எலும்பை மெத்தென்று வேகவைத்து உணவாக்கப் பார்த்தார். 200 வருடம் கழித்து, 1879-ல், சார்ல்ஸ் சாம்பர்லான்ட் அதே நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியை அமைத்தார். உங்கள் அறுவை அரங்கில் கத்திகள் 121 டிகிரியில் கிருமி நீங்குகின்றன. வீட்டுக் குக்கரும் ஏறத்தாழ அந்தச் சூட்டைத்தான் தொடுகிறது. வெங்காயம் பழுப்பேறும் வேதிவினைக்கு, அதை 1912-ல் விவரித்த லூயி கமில் மயாரின் பெயர்தான். அவரும் மருத்துவரே. நீங்களோ திங்கட்கிழமை காலையில் செருப்பைப் போலச் சமையலறையை வார்டு வாசலில் கழற்றிவிட்டுப் போகிறீர்கள்.

எதை விடுவது என்றல்லவா கேட்டீர்கள்? மறந்தே போனேன். எதையும் விடவேண்டாம், கொஞ்சம் தூக்கத்தை விடுங்கள். அதைத்தான் ஏற்கெனவே விட்டிருப்பீர்கள், பாவம்.

சூப்பை நேற்று வீட்டில் செய்து பார்த்தோம். பிரமாதம், இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். ஆனால் குறிப்பில் "உப்பு - தேவையான அளவு" என்றிருக்கிறது. யாருக்குத் தேவையான அளவு, டாக்டர்? கிராமில் எழுதி அனுப்புங்கள்.